மூன்று தண்ணீரில் அலசிய கீரை

அன்று மாலை அங்காளம்மாள் கீரையை மூன்று தண்ணீரில் அலசினாள். மண் அதிகமாக இருக்கிறது என்றாள். மூன்றாவது முறை தண்ணீர் தெளிவாகவே இறங்கியது. வாசற்படியில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் என் மனைவி. 1992 ஐப்பசி. பம்மலில் வாடகை வீடு, நான்கு வயதில் ஒரே பெண், திரிபுரசுந்தரி. என் பெயர் குப்புராஜ். தோட்ட வேலைகளைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனி தன் மதிலோரமாக முந்நூற்று இருபது கன்றுகள் நட்டிருந்தது. புங்கனும் வேம்பும். வேர் பிடிக்கும்வரை புதுக் கன்றுக்குக் களைதான் முதல் எதிரி. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் புல் குடித்துவிடும். ஒவ்வொரு கன்றையும் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி, மாதம் ஒருமுறை களையெடுக்க வேண்டும். அதற்கு விலை கேட்டார்கள்.

விலை போடுவதில் நான் கெட்டிக்காரன். களைக்கொத்தியோடு உட்கார்ந்தால் ஒரு பெண் ஒரு நாளில் இருபத்தைந்து பாத்தி முடிப்பாள். கூலி இருபது ரூபாய். என் பங்கையும் சேர்த்தால் கன்றுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா வரும். தாம்பரத்தில் ஒருவர் ஒரு ரூபாய் கேட்டிருப்பதாகத் தெரிந்ததும் நான் தொண்ணூறு பைசா எழுதிக் கொடுத்தேன். பக்கத்திலேயே கிணறு இருந்ததால் களைமருந்து கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. 'கையால் மட்டுமே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

குறைத்த காசை ஈடுகட்ட எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பாத்தியில் முளைக்கும் கீரை, களை பிடுங்குகிறவளுக்குச் சொந்தம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பண்ணைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் மடி நிறையக் கிடைக்கும். அதைச் சொல்லிக் கூலியில் இரண்டு ரூபாய் பிடித்தேன். களையெடுக்கப் பெண்களைக் கூட்டி வருபவள் அங்காளம்மாள்தான். அவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"கீரைக்கும் வெல போட்டுட்டியா? நாளிக்கு நாங்க வுடுற மூச்சுக்கும் போடுவ."

"அக்கா, உன் வூட்டுக்காரரு கீரய எடுத்துக்கினு கூலிய நம்ம கைல குடுக்கட்டும்," என்றாள் முனியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. களை முழங்கால் உயரம் வந்தது. இருபத்தைந்து பாத்தி பன்னிரண்டாகக் குறைந்தது. களைமருந்து அடித்தால் ஒரு காலையில் முடியும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த ஆறு பொம்பளைங்களும் இன்னா பண்ணுவாங்க? கையாலன்னு எயுதிக் குடுத்தியா இல்லியா? புள்ள தலைல கை வச்சி சொல்லு, மருந்து அடிக்க மாட்டேன்னு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் கை வைத்துச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, விடிந்ததும் தனியாகப் போய்க் கிழக்கு வரிசையில் நாற்பது பாத்திக்கு மட்டும் மருந்து அடித்தேன். இன்னொரு முறை அடிக்கத் தேவைப்படாதபடி கெட்டியாகக் கலந்திருந்தேன். துளிகூடக் கன்றின் மேல் படக் கூடாதென்று, அடி வெட்டிய பக்கெட்டை ஒவ்வொரு கன்றின் மேலும் கவிழ்த்துவிட்டுத்தான் அடித்தேன். கவனமில்லாமல் வேலை செய்கிற ஆள் இல்லை நான்.

பெண்களை அன்று மேற்கு வரிசைக்கு அனுப்பினேன். நாலு மணி பஸ்ஸுக்கு அவர்கள் போய்விட்டார்கள். கம்பெனி மேனேஜர் ஸ்ரீநிவாசன் சார் பில்லில் கையெழுத்துப் போட வந்திருந்தார். அப்போது கிழக்குப் பக்கத்திலிருந்து அங்காளம்மாள் வந்தாள், மடி நிறைய மூக்கிரட்டையோடு.

அன்று முழுக்க மூட்டம். வெயில் அடித்திருந்தால் மத்தியானத்துக்குள் இலை கருகியிருக்கும், அவளே தொட்டிருக்க மாட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

"எல்லாம் கையாலதானே, குப்புராஜ்?" என்றார் சார்.

"கையாலதான் சார்."

"இன்னாய்யா அப்டி பாக்குற?" என்றாள் அங்காளம்மாள். "உனக்கும் சேத்துத்தான் பறிச்சேன்."

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம்; கூட்டமாக இருந்தது. வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் கீரையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லிவிட முடியாது. குழந்தை தலையில் வைத்த கையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அன்று ஒரு ராத்திரியாவது சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று தண்ணீரில் அலசியாயிற்று, வேகவும் வைக்கிறாள், என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிறு சரியில்லை என்று மோர் மட்டும் குடித்தேன். அவள் கீரையைக் கடைந்து, இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் தொண்டை எரிகிறது என்றாள். அதற்கு மறுநாள் வாயெல்லாம் புண். நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளால் பேச முடியவில்லை. டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "களைமருந்து ஏதாவது குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"வயித்துவலி வயித்துவலின்னு சொல்லிக்கினே இருந்தா, மேடம்," என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. பேப்பரில் தினமும் வருவதுதான். வந்த போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டார்: தீராத வயிற்றுவலியால் களைமருந்தைக் குடித்துவிட்டார். எழுதியதைக் கட்டிலருகே நின்று எனக்குப் படித்துக் காட்டினார். அங்காளம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சைகை எதுவும் செய்யவில்லை. அப்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் ஏறி இறங்கியது. ஒன்பதாம் நாள் அதுவும் நின்றது.

இந்த மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் அம்மா சொன்னார். அதனால் நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

ஏழு வருடம் ஆயிற்று. அவள் போனபின் யார் வீட்டிலும் கீரை சாப்பிட்டதில்லை. ராத்திரியில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் அவளை வெறுத்ததில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

திரிபுரசுந்தரிக்கு இப்போது பதினொன்று. தற்கொலை செய்துகொண்டவளின் பெண் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்.

"வலின்னா அம்மா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லப்பா? நான் இருக்கேன்னு அவங்களுக்கு ஞாபகமே வரலியா?"

இதை எழுதுவது அவள் படிப்பதற்காகத்தான். அதனால் ஒன்றை மட்டும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கீரை என்ன செய்யும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அன்று உன் அம்மா உனக்கும் கீரை போட வந்தாள், சுந்தரி. "சளி புடிச்சிக்கும், புள்ளைக்கு வேணாம்" என்று சொல்லி, உன் தட்டின் மேல் கையை விரித்து மூடினேன். கரண்டி என் புறங்கையில் இடித்தது. அவள் அதை அப்படியே தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமுடிவாக்கம் போயிருந்தேன். கிழக்கு வரிசையில் நாற்பது மரமும் நிற்கின்றன, ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. மழை பெய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அடியில் மூக்கிரட்டை முளைத்திருந்தது.