கெம்பம்மா கட்டிய மூட்டைகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தரம்பிரிப்புக் கூடத்துப் பெண்மணிகளே, மறைந்த கெம்பம்மா அம்மையாரின் மகள் மாதேஸ்வரி அவர்களே, வணக்கம். ஓசூர் ஆலைகள் சங்கச் செயலாளர் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தீர்கள். அந்தத் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பேசியே ஆகவேண்டும்.

நம் தரம்பிரிப்புக் கூடத்தின் மேற்பார்வையாளர் கெம்பம்மா அம்மையார் பதினோரு வருடம் நம் ஆலைகளின் கழிவைப் பிரித்தார். மூட்டை கட்ட நைலான் கயிறு கொடுத்தால் வாங்கமாட்டார். "குப்பையைக் கட்டறதுக்கு இன்னொரு குப்பையா?" என்பார். பழைய புடவையைக் கிழித்துத்தான் கட்டுவார். எத்தனை மூட்டை கிடந்தாலும் அவர் முடிச்சு தனியாகத் தெரியும்!

யாரும் வாங்காத பிளாஸ்டிக் மூட்டைகள் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போவதாக நாம் அரசுக்கு எழுதிக்கொடுத்தோம். போயினவா? போன வருடம் தன் அக்கா ஊர்த் திருவிழாவுக்குக் கர்நாடக எல்லை தாண்டிப் போன அம்மையார், அங்கே ஏரிக்கரையில் அவற்றைப் பார்த்தார். நம் லாரிக்காரர் அங்கேயே தள்ளிவிட்டுப் போயிருந்தார். அம்மையார் ஒரு மூட்டையின் புடவைத் துண்டை அவிழ்த்து வந்து என் மேசையில் வைத்தார்.

"நான் கட்டுனதுங்க சார். எடுத்தாரச் சொல்லுங்க."

"அது கர்நாடகாம்மா. நம்ம எல்லையில வராது."

"எங்கக்கா அந்தத் தண்ணியைத்தான் சார் குடிக்கிறா."

துண்டை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அடுத்த மாதம் டெல்லிக் குழு வந்தது. நாடு முழுவதும் குப்பையைக் குறைக்கவும், பொருள்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் திட்டம் தீட்டும் குழு. யாரை முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்? எங்கே அம்மையார் வாயைத் திறந்துவிடுவாரோ என்று பயந்து, அன்றைக்கு அவருக்கு லீவு கொடுத்து அனுப்பினேன். ஓசூரில் எதுவும் வீணாவதில்லை என்றேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆலைக்காரர்களே, நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்! வெட்கக்கேடு!

மறுநாள் அம்மையார் வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு மூட்டை கட்ட உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மன்னிப்புக் கேட்க நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டேனே!

அம்மா மாதேஸ்வரி, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நான் சொன்னது பொய் என்று டெல்லிக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன். நாளை நம் சங்கத்து லாரி அந்த ஏரிக்கரைக்குப் போகிறது. நானும் ஏறுகிறேன். மனம் இருக்கும் ஆலைக்காரர்கள் கூட வாருங்கள். கடைசி மூட்டை திரும்பும்வரை லாரி நிற்காது.

அவர் அவிழ்த்த அந்த ஒரு மூட்டையை நானே கட்டவேண்டும். புடவைத் துண்டு இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. அவர் போடும் முடிச்சு எனக்குத் தெரியாது. கூடத்துப் பெண்மணிகளே, யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.