எருக்கம்பூவில் தொங்கிய தேன்சிட்டு

வல்லக்கோட்டை தாண்டிய கம்பெனி பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் உள்ளூர்க்காரரும் தென்காசி இளைஞனும் இருந்தார்கள். சூப்பர்வைசர் இல்லாததால் சத்தமாகவே பேசினார்கள்.

“எருக்கம்பூவுக்காடா கேட்டுல உன் போன் கேமரா மேல ஒட்டுன ஸ்டிக்கரப் பிச்ச?”

“பூவுல தேன்சிட்டு தொங்குச்சுண்ணே. கம்பெனிக்குள்ள நிக்கோம்ங்கதே மறந்துட்டு.”

“செக்யூரிட்டி போனப் புடுங்குனதும் உன் வேலை காலின்னு நெனச்சேன். எச்.ஆர். இன்னா சொன்னாரு?”

“எல்லாப் போட்டோவையும் தள்ளித் தள்ளிப் பாத்தாவ. மைனா, தும்பைப்பூ, ரூம் ஜன்னல் காக்கா. மெஷின் ஒண்ணுகூட இல்ல. சிரிச்சுட்டு, நாளைக்கு ஷிப்டுக்கு வான்னுட்டாவ.”

“அப்பாடா! எங்க, அந்தத் தேன்சிட்டக் காட்டு.”

“அத மட்டும் அழிச்சிட்டாவ. பின்னால கம்பெனி செவுரு தெரியுதாம்.”

“வேலை தப்பிச்சுதுல்ல? ஒரு போட்டோவோட போச்சுன்னு வுடு.”

“ஒண்ணுதாம்ணே. ஆனா எடுத்ததுல அது ஒண்ணுதான் ஆடாம, தெளிவா விழுந்திருந்துச்சு.”