மூடியாச்சு

முதல் படகு வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் ஐயா. நாங்களும் அப்படித்தான் நின்றோம். என் தம்பிக்கு வெள்ளைப் படகு பிடித்திருந்தது. அவன் மனைவிக்கு நீலம். சேலைக் கடையில் நிற்பதுபோல இரண்டு பேரும் அதைத் தொட்டுப் பார்ப்பதும் இதைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எழுதிக்கொண்டே கேளுங்கள், நான் மெதுவாகத்தான் சொல்வேன். உங்கள் டீ ஆறுகிறது, அதையும் குடித்துவிடுங்கள்.

நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். அம்மா போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவன் ஆனது என் யோசனை. அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், கலகலவென்று இருப்பாள், வீட்டுக்கு வெளிச்சம் வரும் என்று நினைத்தேன். வந்தது. கண் கூசும் அளவுக்கு வந்தது.

அவனுக்குத் தூண்டில் பைத்தியம். அவளுக்குக் கடலில் மூச்சடக்கி முங்கிப் பார்ப்பதில் பைத்தியம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. "மூணு பேரும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போலாம்க்கா" என்றான். மூன்று இருக்கை உள்ள படகுதான் வேண்டும் என்று கடையில் முதல் வார்த்தையாகச் சொன்னான். அது எனக்கு நிறைவாக இருந்தது.

படகுக் கடைக்காரர் வேடிக்கையான மனிதர். தர்பூசணி வாங்குகிறவர் போல ஒவ்வொரு படகையும் தட்டிக் காட்டினார். வெள்ளைப் படகைத் தட்டினால் சத்தம் அமுங்கி வந்தது. நீலத்தைத் தட்டினால் காலிக் குடம்போல டொக்கென்று கேட்டது. அப்போது தம்பியும் அவளும் அந்தப் பக்கம் என்ஜின் பார்க்கப் போயிருந்தார்கள். நான் மட்டும்தான் இருந்தேன்.

"வெள்ளையில தளத்துக்கு அடியில பூரா நுரைக்கட்டி அடைச்சிருக்கும்மா. தண்ணி ரொம்பினாலும் முழுகாது. வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி, எவ்வளவு பாரம் ஏறினாலும் அமுங்குமே தவிர முழுகாது."

"நீலம்?"

"நீலம் செல்லப் பிள்ளை. உள்ள காலி. சாமான் நிறைய வைக்கலாம், வேகமாப் போகும். ஆனா தண்ணி ரொம்பிட்டா கல்லு."

என்னைப் பார்த்துத்தான் மூத்த பிள்ளை என்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நல்ல மனிதர், அவரை எதற்கும் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, என்ஜின்களுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"படகு வந்துட்டா கடல் பக்கமே வீடு பாத்துடலாம்ப்பா. எத்தனை நாளைக்குப் படகை கார்ல கட்டி இழுத்துக்கிட்டு வர்றது?"

"அக்கா?"

"அக்காவுக்குத் தையல், வாடிக்கையெல்லாம் இங்கதானே இருக்கு. அவங்களே வரமாட்டாங்க பாரு. வாரத்துக்கு ஒருதரம் நாம வந்து பாத்துக்கலாம்."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணம் வராது. தம்பி என்ன பதில் சொல்கிறான் என்று காத்திருந்தேன். "பாக்கலாம்" என்றான். அவன் பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

திரும்பி வந்ததும், "நீயே சொல்லுக்கா, நீ எடுத்தா சரியா இருக்கும்" என்றான். நான் நீலத்தைக் காட்டினேன். சாமான் வைக்க இடம் இருக்கிறதே என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, அக்கா என் கட்சி" என்று அவனுக்குப் பழிப்புக் காட்டினாள்.

படகின் பின்பக்கம், கீழே, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்பார்கள். கடலில் இறக்கும் முன் பித்தளை மூடியைத் திருகி அடைக்க வேண்டும். கடைக்காரர் மூன்று பேருக்கும் செய்து காட்டினார். "மறந்துட்டீங்கன்னா வேகமா ஓடுறப்போ தெரியாது. உள்ள வர்ற தண்ணிய ஓட்டமே வெளிய இழுத்துடும். நின்னாத்தான் தெரியும்" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. தையல் இயந்திரமும் அப்படித்தான். ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது.

அந்த மூடியை அவள் என் பொறுப்பில் விட்டாள். "ஊசியில நூல் கோக்குற விரல், நல்லா இறுகும். நீங்க இல்லாம படகு எறங்காதுக்கா" என்றாள். எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் இறக்குவதற்கு முன்னால், "மூடியாச்சா?" என்று கேட்பாள். "மூடியாச்சு" என்பேன். அதன் பிறகுதான் தம்பி படகைத் தண்ணீருக்குள் விடுவான்.

முதல் இரண்டு தடவை நானும் கூடப் போனேன். எனக்குத் தலை சுற்றியது, அது உண்மை. மூன்றாவது தடவை போனபோது என் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். "உனக்குத்தான் ஒத்துக்கலையேக்கா, மீனாச்சும் உக்காரட்டும்" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அதன்பிறகு மூடியைத் திருகிவிட்டு, படகு இறக்கும் சரிவில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். கரையிலும் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

கடல் பக்கத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று அவர்கள் சொன்ன வாரத்தில்தான் அது நடந்தது. நல்ல வெயில். சாப்பாட்டை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கியதும் நான்தான். தம்பிக்கு மிதவைச் சட்டையை மாட்டி, வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினேன். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி பண்றியேக்கா" என்றான். அசையாமல் நின்றான், அதுதான் அவன் குணம். அவளுடைய சட்டை காரிலேயே இருந்தது. அவள் எப்படியும் அதைக் கழற்றிவிட்டுத்தான் முங்குவாள்.

"மூடியாச்சா?" என்று அவள் சரிவிலிருந்து கேட்டாள்.

அப்போது என் கை ஐஸ் பெட்டியின் மூடி மேல் இருந்தது. இரண்டு கொக்கியையும் அழுத்தி மூடியிருந்தேன். "மூடியாச்சு" என்றேன். நான் பொய் சொன்னேன் என்று எழுதாதீர்கள் ஐயா. நான் அவனைப் பொய் சொல்லி வளர்க்கவில்லை.

தண்ணீரில் விழுந்ததும் என்ஜினை முறுக்கிக்கொண்டு பறப்பது தம்பியின் வழக்கம். பறந்தான். கை காட்டினான். நானும் காட்டினேன். பிறகு உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் பிரித்தேன்.

அவர்கள் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீர் முதலில் தளத்துக்கு அடியில் சேர்ந்திருக்கிறது. அவன் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். காலில் ஈரம் தட்டியபோது பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது. அவள் முங்கி முங்கிக் களைத்து மேலே வருகிறாள், படகின் மூக்கு மட்டும் வானத்தைப் பார்க்கிறது. அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டினான். அவனுக்கு நீச்சல் அரைகுறை. "நீ போட்டுக்க, நான் பெட்டிய புடிச்சுக்கறேன்" என்றானாம்.

மீன்பிடிப் படகொன்று சாயங்காலம் அவளைக் கண்டெடுத்தது. நான் இறுக்கிய வார் இறுக்கியபடியே இருந்தது, அவள் உடம்பில். ஐஸ் பெட்டியும் கிடைத்தது. மூடி திறக்கவே இல்லை. உள்ளே சாப்பாடு நனையாமல் இருந்தது. அவன் மட்டும் இல்லை.

நான் கணக்குப் போட்டது இப்படி இல்லை. அவள் முங்கி அடியில் இருக்கும்போது படகு முழுகிப்போய்விடும். அவன் மிதப்பான், நனைந்து, பயந்து. யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். நான் தலை துவட்டிவிடுவேன். பழையபடி நாங்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் நினைத்தேன். அதிகமாக ஆசைப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது.

உங்களிடம் அவள் சொன்னது பொய். மூடியைத் தானே போட்டதாகவும் சரியாகத் திருகவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள், இல்லையா? அவளுக்குப் பொய் வராது, எனக்காகச் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொல்லிவிட்டு வந்த அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்கக்கா. வயசாகுது, மறந்திருப்பீங்க. அவரு போயிட்டாரு, உங்களையும் நான் விட்டுட முடியாது. இனிமே நான் இருக்கேன் உங்களுக்கு."

மறந்திருப்பேனாம்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன். அவனுடைய தடுப்பூசி நாளைக்கூட மறக்காதவள் நான். அவன் சட்டைகளில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்ததில்லை, விழ விட்டதில்லை. அவள் மனசாரச் சொன்னாலும் தப்பைத் தப்பென்று சொல்லத்தானே வேண்டும்.

இதோ அந்த மூடி. அன்றைக்கு இடுப்பில் முடிந்துவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பொத்தான் டப்பாவில் போட்டேன். தினமும் துடைத்துத்தான் வைக்கிறேன், பித்தளை கறுத்துவிடும். பத்திரமாக எடுத்து வையுங்கள் ஐயா. என் தம்பியின் பொருள் எதையும் நான் இதுவரை தொலைத்ததே இல்லை.