ஹமீது கொடுத்துப் போன பாதிக் கடவுச்சொல்

விசிறி இல்லாத மேடையில் வியர்த்துக்கொண்டே தலைமை தாங்கும் மீன் வியாபாரிகள் சங்கத் தலைவர் சாலமோன் அவர்களே, இந்த ஏலக் கொட்டகையில் செதில் ஒட்டிய கால்களோடு கூடியிருக்கும் சதுரங்கப்பட்டினத்துப் பெருமக்களே! வணக்கம். பேச்சின் நடுவே நான் அடிக்கடி வாசலைப் பார்ப்பேன், கண்டுகொள்ளாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசு நிற்கவில்லை. நம் இணையதளம் காலை பத்து மணியிலிருந்து திறக்கவில்லை. மறுபடியும் அடைத்துவிட்டார்கள்! அதுவும் எந்த நாளில்? ஹமீதுவுக்கு இரங்கல் கூட்டம் நடக்கும் நாளில்! அடுக்குமா இது?

இணையச் சக்கரவர்த்தி, கோட்டைப் பக்கத்து பிரவுசிங் சென்டரின் ஏகபோக அதிபதி, மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு முப்படைகளுக்குச் சமமாக நின்ற மாவீரர் ஹமீது, போன வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தாறு வயது.

அவர் நடத்திய தளத்தில் அப்படி என்ன இருந்தது? ஒரே ஒரு பக்கம். விடியுமுன் கடலுக்குப் போன படகுகளின் பெயர்கள். கரை திரும்பியதும் எதிரே 'வந்தாச்சு'. அவ்வளவுதான். போன வருஷம், இரண்டாயிரத்து ஏழில், அது முதன்முதலாக அடைபட்டபோது, டெல்லியே நம்மைக் கண்டு நடுங்குகிறது என்று இதே கொட்டகையில் முழங்கினேன். நாஸ்தாவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே உண்ணாவிரதமும் இருந்தேன்! ஹமீது வந்து காதில் சொன்னார்:

"அண்ணாத்த, எறங்கு. நம்ம பேரே அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டு கம்ப்யூட்டர் ஒண்ணுல நாம வாடகைக்கு கீறோம். அதுலயே குந்திகினு வேற எவனோ இன்னாமோ எழுதிகீறான். அவன அடைக்கச் சொல்லி கவர்மெண்டு ஆர்டரு. இந்த நெட்டு கம்பெனிக்காரங்க மொத்த வாசலையும் அடச்சிட்டாங்க."

"அப்ப டெல்லி நம்மளப் பாத்து பயப்படலியா?"

"உன்னப் பாத்து உன் வூட்டுப் பூனையே பயப்படல."

அன்று மறைமலைநகரில் என்ன நடந்தது? இதோ முன்வரிசையில் இருக்கும் முனிசாமி, எல்லம்மாள் இவர்களின் மகள் சியாமளா அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உள்ளே செல்போன் கூடாது. பன்னிரண்டரைக்கு கேன்டீன் மணி அடித்ததும் அங்கிருக்கும் கணினியில் அப்பா படகுக்கு எதிரே 'வந்தாச்சு' பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். அவள் தம்பி போன படகு திரும்பாத நாளிலிருந்து அப்படித்தான். அன்று பக்கம் திறக்கவில்லை. மூன்று பஸ் மாறி ஓடி வந்தாள். இங்கே முனிசாமி குழம்பு பிசைந்துகொண்டிருந்தார்.

"யப்பா, கீறியா?"

"இன்னாமே, கண்ணு தெரிலயா? துண்ண வுடு."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுததை ஹமீது பார்த்தார். அதன்பிறகு அந்த மனிதர் ஒரு டீயை ஆறுமுன் குடித்ததில்லை. பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு வாடகை வீட்டுக்குப் போவது போல, அடைக்க அடைக்கத் தளத்தை வேறு கணினிக்கு மாற்றினார். பெயர் அதே, இருப்பிடம் வேறு. ஆயிரம் முறை மாற்றினார்! சரி, பதினொரு முறை. கடையில் அவரோடு எட்டு வருஷம் வேலை பார்த்த ரோகிணி எண்ணி வைத்திருக்கிறார்.

மாற்றுவதற்குக் கடவுச்சொல் வேண்டுமே? அதை இரண்டாக வெட்டி, பாதியை மனைவி சம்சாத் பேகத்திடமும் பாதியை என்னிடமும் கொடுத்திருந்தார். முழுதாகக் கொடுக்கக் கூடாதா என்று சண்டை போட்டேன்.

"முழுசா குடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஏலத்துல வுட்டுடுவ. ஆனா நான் இல்லாங்காட்டியும் நீ சும்மா இருக்க மாட்ட, வேல முடியிற வரைக்கும் கத்திகினே இருப்ப. அதான் பாதி."

சம்சாத் பேகம் கணவருக்காகத் துக்கம் காத்து இத்தா இருக்கிறார், வெளியே வரக் கூடாது. போனில் சொல்லக் கூடாது என்பது ஹமீது போட்ட சட்டம். அவருடைய பாதியை வாங்கிவர ரோகிணி ஸ்கூட்டரில் போயிருக்கிறார். அவர் வரும்வரை பேசச் சொல்லித் தலைவர் என்னை ஏற்றிவிட்டார். மணி பன்னிரண்டு இருபது! இன்னும் பத்து நிமிஷத்தில் சியாமளாவின் கேன்டீன் மணி அடித்துவிடும். கம்பெனிக்கு போன் போட்டோம். 'சொல்றேன்' என்றார் வாட்ச்மேன். போன வருஷமும் அதையேதான் சொன்னார், செய்தி அவளிடம் போய்ச் சேரவே இல்லை. இந்த முனிசாமி என் எதிரே மூன்றடியில் கொட்டாவி விடுகிறார். ஊருக்கே தெரிகிறது அவர் உயிரோடு இருப்பது. அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரியாது! அடுக்குமா?

அதோ ஸ்கூட்டர்! வழி விடுங்கள், ஐஸ் பெட்டியை நகர்த்துங்கள்! ரோகிணி, கிடைத்ததா?

"வந்துட்சிண்ணா. லேப்டாப்புல அவுங்க பாதிய அடிச்சிட்டேன். எறங்கி உங்க பாதிய அடிங்க. வாயால மட்டும் சொல்லிடாதீங்க."

பெருமக்களே, பன்னிரண்டாவது முறை அடைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது முறை வீடு மாற்றுகிறோம். பதிமூன்றாவதுக்கும் நான் இருப்பேன், நான் போனால் கத்துவதற்கு இன்னொருவரைப் பிடித்து வைத்துவிட்டே போவேன். இது ஹமீதுவின் ஆறிப்போன டீக்கள் அத்தனையின் மீதும் சத்தியம்!

எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். என் பாதியை அடிக்க எனக்கு அந்த ஒரு நிமிடம் போதும், மீதி வேலை ரோகிணியுடையது.

ஹமீது, நன்றாகப் பாருமய்யா. வாயை மூடிக்கொண்டேன்.