பத்தர் இழுத்த கம்பி

இன்னா சொன்னீங்கோ? தூணைப் பார்த்து மொணமொணன்னு சொன்னாலும் எனக்குக் காது நல்லாவே கேக்கும் ஐயரே. இங்க வர்றவ எவளும் குடும்பப் பொம்பள இல்லன்னுதானே? சொல்லிக்கோங்க. ஆனா அந்தக் கதவுல கை வெக்காதீங்க. உள்ள டாக்டரம்மா வேலையா கீறாங்க. பன்னெண்டு வருசமா இந்த ஆஸ்பத்திரி ஆயா நானு, தேவானை. கலெக்டரே வந்தாலும் இந்த பெஞ்சிலதான் குந்தணும். குந்துங்க.

ஆமா, உள்ள கீறது உங்க சம்சாரம்தான். ஜானும்மாதான். இல்லன்னு யாரு சொன்னா?

ஓ, நகை செய்யற பத்தர் சொன்னாரா! ட்ராமுக்கு நின்ன உங்களைப் புடிச்சு, உங்க ஊட்டு மெட்டியை சன்னக் கம்பியா இழுத்து டாக்டரம்மா கைல குடுத்துட்டேன்னு பெருமையடிச்சிக்கினாராக்கும். புருசனுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சிட்டாரு, பாவம்.

அந்தக் கம்பியைச் சுருட்டினதுதான் வளையம். சுண்டுவிரல் மோதிரம் அத்தினிதான். கர்ப்பப்பைக்குள்ள வெச்சா புள்ள தங்காது. விசமா? மருந்து ஒரு சொட்டு கிடையாது சாமி, வெறும் வெள்ளி. வருசத்துக்கு ஒரு தபா மாத்தணும். போன வருசம் வெச்சது ஜெர்மனி சரக்கு, அதான் கடைசி. இந்த ஜெர்மனிக்காரன் சண்டையில கப்பல் எங்க வருது?

கத்தாதீங்க! திருடிட்டாளா? நீங்க போட்ட மெட்டி ஜானும்மா கால்லதான் கீது. இப்பத்தான் பார்த்தேன்.

போன பிரசவத்துக்கும் இங்கதானே குந்திக்கினு இருந்தீங்க? நாலாவது. ரத்தத் துணியை வாளி வாளியா அலசினது நானு. இன்னொண்ணு வந்தா ஆள் மிஞ்சாதுன்னு டாக்டரம்மா சொன்னப்போ நல்லாத்தான் தலையாட்டினீங்க. மூணே மாசம்தான் பொறுத்தீங்க. அப்புறம்... வேணாம், என் வாயைக் கிளறாதீங்க.

பகவான் குடுக்கறதைத் தடுக்கக் கூடாதா? சரிதான். அந்தப் பொண்ணுக்குக் கொள்ளி வெக்கப் போறது பகவானா, நீங்களா?

அப்போ யாரு மெட்டின்னா? சொல்ல மாட்டேன். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க.

இன்னாது, உங்கம்மாவை இட்டாறீங்களா? அவங்க வந்து ஜானும்மா தலைமயிரைப் புடிச்சு இழுத்துக்கினு போவாங்களா? சிரிக்காம இன்னா பண்ணச் சொல்றீங்கோ. எங்க கீறாங்க இப்போ உங்கம்மா? கபாலி கோயில்லயா? அப்படியா சொல்லிட்டுக் கிளம்பினாங்க?

யோவ், கதவை உதைக்காதே! உதைக்காதேன்றேன்!

சத்தியமாவது ஒண்ணாவது. கேட்டுக்கோ. உங்கப்பா போன பத்தாம் நாள் உங்கம்மா கால்லேர்ந்து கழட்டின மெட்டிய்யா அது. ஏழு வருசமா பொட்டியில கெடந்துது. அவங்களே பத்தர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தாங்க. போன வருசமும் ஜானும்மா கையைப் புடிச்சு இட்டாந்தது அவங்கதான். உள்ள தலைமாட்டுல குந்திக்கினு கீறாங்க.

நம்பிக்கை இல்லன்னா கூப்டு. அம்மான்னு கூப்டு. இன்னும் சத்தமா.

ம்... கேட்டுச்சா? உங்கம்மாதான் உள்ளேர்ந்து தாப்பா போட்டுட்டாங்க.