வியாகுலம் நின்ன மூலை

இப்பக் கடல் கெடக்குத எடத்துல கரை கெடந்த காலம் அது. தாழந்துறைன்னு ஒரு ஊரு. நம்ம ஊருதான், வேற எந்த ஊரு. அந்த ஊருல வியாகுலம்னு ஒருத்தி இருந்தா. தலையில மீன்கூடை வச்சுட்டு மலையடிவாரம் வரைக்கும் நடந்து விப்பா. வாயைத் தொறந்தான்னா சந்தைக்கு அந்தப்புறம் கேக்குமாம். நான் கண்டதில்ல. எங்க பாட்டன் கண்டாரு, அவரு சொன்னதைத்தான் சொல்லுதேன். நடுவுல பேசப்பிடாது.

இந்தப் புது புட்பால் கிரவுண்டுல புல்லு இருக்கு, கம்பிவேலி இருக்கு, மனுசனுக்கு நெழலும் இருக்கு. கடலோரம் கெடந்த பழசுல ஒரு மண்ணும் கெடையாது. விழுந்தா முட்டித்தோல் போவும். வேகமா அடிச்சா பந்து கடலுக்குப் போவும், ஒருத்தன் நீந்திப் போயி எடுத்துட்டு வருவான், அதுவரைக்கும் ஆட்டம் நிக்கும். ஆனா அங்க நம்ம ஊரு அந்திரேயா கிளப்பு ஆட இறங்குச்சுன்னா எதிராளிக்குக் கால் நடுங்கும்னு சொல்லுவாவ. கடல்காத்தே நம்ம பக்கம் நின்னு ஆடும்னு சொல்லுவாவ. அதை நெனைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும். நான் பொறக்கும் முன்னாடி போன கிரவுண்டுக்கு எனக்கு என்னத்துக்கு வயிறு எரியணும்? எரியுதே, என்ன செய்ய!

ஆம்பளையளுக்கு அங்க பெஞ்சு உண்டு. பொம்பளையளுக்குக் கடலோர மூலைதான். நின்னுட்டே பாக்கணும். கூடை சொமந்து வந்த காலோட நின்னு நின்னு வியாகுலத்துக்கு ஒருநா பொறுக்கல.

"ஏட்டி, கரையில கருங்கல்லு சும்மாத்தான கெடக்கு? உருட்டிட்டு வருவோம். நமக்கு நாமளே படி கட்டுவோம்!"

உருட்டுனாவ. ஒருத்தி உருட்ட, ஒருத்தி தள்ள, ஒருத்தி பாட, கரைக்கல்லு அத்தனையும் மேல வந்துது. அழகான படி. ஆம்பளைய ஒருத்தனும் தடுக்கல. கட்டி முடிச்சப்பொறவு பெஞ்சை விட்டுட்டு அவனுவளும் வந்து அதுலதான் உக்காந்தானுவ.

அந்த வருசம் ஆனி மாசம் கடல் ஏறி வந்துது. கல்லு இருந்தா தட்டி நிறுத்தியிருக்கும். கல்லு இல்ல. மொதல்ல மணலைத் தின்னுது. அடுத்த வருசம் தாழையைத் தின்னுது. அதுக்கடுத்த வருசம் பொம்பளைய நிக்குத மூலைக்கே வந்துட்டுது.

அப்பத்தான் ஊரு வாயைத் தொறந்துது. "கடலுக்குப் போட்டிருந்த தாழ்ப்பாளை இந்த வியாகுலம்லா கழட்டிவிட்டா!" கிணத்தடியில சொன்னாவ. கோயில் வாசல்ல சொன்னாவ. அவ காதுபடவே சொன்னாவ. வேற பேச்சுன்னா விடுவாளா, கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பா. இதுக்கு மட்டும் அவளுக்கு வாய் வரல. நெசந்தானேன்னு அவளுக்கே பட்டுப்போச்சு. படியைப் பிரிச்சு ஒவ்வொரு கல்லா கடல்ல கொண்டு போட்டா. கடல் வறுத்த கடலை தின்னுத மாதிரி தின்னுட்டு, இன்னும் கொண்டான்னு நின்னுது.

அப்படி இருக்கையில லீக்குல கடைசி ஆட்டம் வந்துது. எதிராளி மேலத்துறை. எப்பேர்ப்பட்ட பகைன்னு ஒங்களுக்குத் தெரியும். சட்டம் என்னன்னா, சொந்த ஊர் ஆட்டத்தைச் சொந்தக் கிரவுண்டுல நடத்தணும். நடத்தலைன்னா கிளப்பு பேரை லீக்குலருந்தே அடிச்சிருவாவ. பொறவு நம்ம பயலுவ ஆடணும்னா மேலத்துறைச் சட்டையைப் போட்டுத்தான் ஆடணும். அதுக்குக் கடல்ல விழலாம்னு ஊரே அழுதுது.

ஆட்டத்தன்னைக்கு அந்த மூலை தண்ணிக்குள்ள கெடக்கு. ரெப்ரி வந்தாரு, பாத்தாரு, தலையை ஆட்டுனாரு.

"நாலு மூலையிலயும் கொடி நிக்கணும். நின்னா ஆட்டம். நிக்கலைன்னா மேலத்துறைக்கு ஜெயம். நான் வீட்டுக்குப் போறேன்."

பயலுவ கம்பை நட்டானுவ. அலை புடுங்குச்சு. மறுபடி நட்டானுவ. மறுபடி புடுங்குச்சு. ஆரும் பாக்கலைன்னு கேப்டன் கப்ரியேல் கொடியை மேட்டுல தள்ளி நட்டான். ரெப்ரி டேப்பைப் புடிச்சு அளந்தாரு. "என்னைய என்ன குருடன்னு நெனைச்சியா?" விசிலை எடுத்துப் பையில போட்டுட்டாரு. மேலத்துறைக்காரன் கைதட்டுதான். கப்ரியேல் மண்ணுல உக்காந்துட்டான்.

அப்பத்தான் வியாகுலம் வந்தா. சேலையை இழுத்துச் செருவுனா. கப்ரியேல் கையில கெடந்த கம்பை வாங்குனா. தண்ணிக்குள்ள நடந்தா. முழங்கால், தொடை, இடுப்பு. படி கெடந்த எடம் அவ காலுக்குத் தெரியும்லா. அங்க போயி நின்னு கம்பை மாரோட அணைச்சுப் புடிச்சா.

"ஓய் ரெப்ரி! கொடி நிக்குதா? கண்ணு தெரியுதா ஒமக்கு?"

"எம்மா, கரைக்கு வா. அலை அடிச்சிட்டுப் போயிரும்."

"கொடி நிக்குதான்னு கேட்டேன்!"

ரெப்ரி டேப்பைப் பாத்தாரு, கொடியைப் பாத்தாரு. "நிக்குது"ன்னாரு. விசிலை எடுத்து ஊதுனாரு.

ஆட்டம் நடந்துது. அலை வந்துது, அவ நின்னா. பெரிய அலை வந்துது, முங்குனா, கம்பு மட்டும் வெளிய தெரிஞ்சுது, மறுபடி தலை வந்துது. வாயில உப்புத்தண்ணியைத் துப்பிட்டு, "ஏலே, எடது பக்கம் ஆளில்லாமக் கெடக்கு, அங்க குடு!"ன்னு கத்துனாளாம். ஆனா உள்ளுக்குள்ள அவளுக்கு வேற ஓட்டம். காலுக்கடியில மண்ணு கரையுதது அவளுக்குத் தெரியுது. இது நான் கழட்டுன தாழ்ப்பாளு, நாந்தான் நிக்கணும், மாதாவே இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு கெஞ்சுனா. இடைவேளையில கருப்பட்டிக் காப்பி கொண்டு போனாவ. கம்பை விட மாட்டேன்னுட்டா. வாயில ஊத்துனாவ.

மேலத்துறை ஒரு கோலு போட்டுட்டான். நம்ம பயலுவ நாயா அலைஞ்சானுவ, ஒண்ணும் விழல. முடியப்போற நேரத்துல நமக்கு ஒரு கார்னர் கெடைச்சுது. எந்த மூலை? அந்த மூலைதான். கப்ரியேல் பந்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள ஓடுனான்.

"எக்கா, பந்தை எங்க வைக்க? மெதக்குதே!"

"பொறுலே. இந்த அலை உள்வாங்கும்போது தண்ணி வடியும். நான் சொன்னதும் அடி."

அலை வந்துது, ரெண்டு பேரையும் ஆட்டுச்சு, உள்வாங்குச்சு. தண்ணி வடிஞ்சு மண்ணு தெரிஞ்சுது. "இப்ப அடிலே!" அடிச்சான். பந்து வளைஞ்சு போச்சு, போச்சு, கோலு மேல்கம்புல பட்டுத் திரும்பிட்டு. விசில். ஆட்டம் முடிஞ்சுது. தோத்துட்டோம்.

ஆனா கிளப்பு பேரு தப்பிச்சுதுல்லா? ஊரு அழுதுது, சிரிச்சுது, ஒருத்தனை ஒருத்தன் கெட்டிப்புடிச்சுது, பயலுவளைத் தோள்ல தூக்கிட்டுக் கோயிலுக்குப் போச்சு. கோயில் வாசல்ல வச்சுத்தான் கப்ரியேல் கேட்டான்: "வியாகுலத்தக்கா எங்க?"

பாவிய! ஒருத்தனும் அவளைக் கூப்பிடல. நம்ம முன்னோருதான், இருந்தாலும் சொல்லுதேன், பாவிய!

ஓடி வந்தாவ. இருட்டப் போவுது. தண்ணி நெஞ்சுக்கு ஏறிட்டு. அவ கம்பைக் கெட்டிப்புடிச்சு அப்படியே நிக்கா. உதடு நீலம் பாஞ்சு கெடக்கு. கப்ரியேல் பாய்ஞ்சு போயி தோளைப் புடிச்சான்.

"எக்கா, விசில் அடிச்சாச்சே. கேக்கலியா ஒனக்கு?"

"கேட்டுதுலே."

"பொறவு ஏங்க்கா வரல?"

வியாகுலம் திரும்பிப் பாத்தா. கோல்கம்பு ரெண்டு பக்கமும் நிக்குது. நடுவுல காலடித்தடமாக் கெடக்கு.

"நான் வந்துட்டா கிரவுண்டு போயிரும்லாலே."

 கப்ரியேல் அவகூட அந்தக் கம்பைப் புடிச்சுட்டு நின்னான். பின்னால வந்தவங்களும் தண்ணிக்குள்ள இறங்கி நின்னாவ. அவளைக் கொறை சொன்ன வாயெல்லாம் அங்கதான் நின்னுது. ரொம்ப நேரம் கழிச்சு கப்ரியேல் மெள்ளக் கேட்டான்.

"எடுக்கட்டுமாக்கா?"

அவ பதில் சொல்லல. மறுபடி கேட்டான். மறுபடி கேட்டான். கடைசியில அவ கண்ணை மூடிட்டு, "எடுத்துக்கோ"ன்னா. கம்பை எடுத்தான். அவளையும் தூக்கிட்டு வந்தான். விடிஞ்சு பாத்தா அங்க கிரவுண்டு இல்ல, கடல்தான் கெடந்துது.

அதுக்கப்பொறம் அவ பல வருசம் இருந்தா, மீன் வித்தா, இந்தப் புது கிரவுண்டுலயும் வந்து ரெப்ரியை ஏசுனா. ஆனா தாழந்துறையில ஆட்டம் முடிஞ்சா மூணு கொடியை ஆரு வேணாலும் புடுங்கலாம். கடல் பாத்த மூலைக் கொடியைக் கேப்டன்தான் எடுக்கணும். எடுக்கும் முன்னாடி "எடுக்கட்டுமாக்கா?"ன்னு கேக்கணும். பதில் வராதுன்னு தெரியும், இருந்தாலும் கேட்டுட்டு நிக்கணும். அதுவரைக்கும் நம்ம ஆளு ஒருத்தனும் வீட்டுக்குப் போவ மாட்டான். வெளியூருக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

அந்தா போறான் பாருங்க நம்ம கேப்டன். சத்தம் போடாதிய, அவன் கேக்கட்டும்.