கைராசி

எனக்குச் செடி கொடிகள் மீது எந்தக் கோபமும் கிடையாது, டாக்டர். அதிலும் இந்த லெட்டூஸ் கீரை ரொம்ப சாது. அதன்பாட்டுக்கு ஒரு மூலையில் வளர்ந்துகொண்டிருக்கும்.

தம்பியின் மனைவி இறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். நான் இந்தப் பக்கம் வந்ததுதான் தாமதம், என் மகன் வீட்டில் என் கட்டிலைக் கழற்றிவிட்டு அங்கே மருமகளின் தையல் மெஷினைப் போட்டுவிட்டார்கள். "நீ அங்கயே நிம்மதியா இரும்மா" என்று மகன் போனில் சொன்னான். யாருடைய நிம்மதி என்று நான் கேட்கவில்லை. தம்பி வீட்டில் சமையலறையை ஒட்டிய அறை ஒன்றுதான் எனக்கு மிச்சம். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையே வேண்டாமென்று விட்டதை எந்த வாயால் சொல்வது?

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போனதும் பேச்சே நின்றுவிட்டது. குளி என்றால் குளிப்பான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான். ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட நான்தான் கையில் கொடுக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் நான் வேண்டியவளாக இருந்தேன்.

அப்போதுதான் அவனோடு வேலை பார்த்த ஒரு புண்ணியவான் வந்து, மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கலாம் என்று ஆசை காட்டிவிட்டுப் போனான். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வந்தது. லெட்டூஸ் கன்றுகளைச் செருகத் துளை போட்ட மூடி, காற்று ஊதும் சின்ன மோட்டார், இரண்டு பாட்டில் சத்துக் கரைசல், பேனா மாதிரி ஒரு மீட்டர்.

முதல் தடவை, தண்ணீர் குறையக் குறையச் சத்துத் தண்ணீரையே ஊற்றிவிட்டான். இலை நுனியெல்லாம் கருகியது. செடி தண்ணீரை வேகமாகக் குடித்துவிடுகிறது, சத்து பின்தங்கிக் கெட்டியாகிறது என்று அவனே கண்டுபிடித்தான். பிறகு வெறும் தண்ணீர் சேர்த்து, மீட்டரில் ஒன்று புள்ளி இரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இங்க வந்து பாருக்கா" என்று கூப்பிட்டான். அவனாக என்னைக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று.

"இது சத்து எவ்வளவுன்னு காட்டுமாடா?"

"கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காட்டும். எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப என் மகன் மாதிரி. தட்டு நெறஞ்சா போதும், என்ன போட்டோம்னு பாக்க மாட்டான்."

அவன் சிரித்தான். மீட்டரை எப்படி முக்குவது, எப்படித் துடைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு தானாகச் சவரம் செய்துகொண்டான். கடைக்குப் போனான். ஒருநாள் கை நிறைய இலை பறித்துக்கொண்டு வந்து, "இனி நான் சமாளிச்சுக்குவேன்க்கா. உன்ன எத்தன நாளு இங்க கட்டிப் போடுறது? அடுத்த மாசம் உன் மகன் வீட்ல கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றான். பாசத்தில்தான் சொன்னான். சரிடா என்றேன்.

அவன் கடைக்குப் போன நேரத்தில் தொட்டித் தண்ணீரை முக்கால்வாசி மொண்டு கழிவறையில் கொட்டினேன். வாளியில் சமையல் உப்பைக் கரைத்து, மீட்டர் அதே ஒன்று புள்ளி இரண்டு காட்டும்வரை தண்ணீர் சேர்த்தேன். அதைத் தொட்டியில் ஊற்றினேன். மீட்டரைத் துடைத்து மூடி வைத்தேன். அவன் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் நானும் பின்னாலேயே மாற்றினேன்.

எண் சரியாக இருந்தது. செடி மட்டும் வெளுத்துச் சுருங்கியது. தொட்டி நிறையச் சாப்பாடு இருக்கிறது என்று மீட்டர் சொல்ல, செடி பட்டினி கிடந்தது. அவன் வேறு மீட்டர் வாங்கினான். அதுவும் அதையேதான் சொன்னது. புதுக் கன்று வைத்தான். அதுவும் போயிற்று. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். சலித்துப்போய், நீ இருந்துவிடு அக்கா என்பான் என்று நினைத்தேன்.

அவன் வேறு கணக்குப் போட்டான். காய்ந்த கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்கும் மருந்த இப்படித்தான்க்கா அளந்து அளந்து குடுத்தேன். அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. என் கைதான் சரியில்ல" என்றான்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "உனக்குக் கைராசி இல்லடா, விட்டுரு" என்றேன்.

பேச்சுக்குச் சொன்னது. அவன் மனதில் தைத்துவிட்டது. மறுநாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. நீங்கள் ஊசி வழியாக ஏற்றுவதில்தான் இப்போது உயிர் ஓடுகிறது. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் செய்திருப்பேனா? தெரியவில்லை, டாக்டர்.

நேற்று பயந்துபோய் அவனிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி, உப்பு, எதையும் விடவில்லை. கண்ணை மூடியபடியே கேட்டான். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழியத் தூக்கி உன்மேல போட்டுக்கிறியேக்கா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ எங்கயும் போயிடாத" என்றான்.

நான் நினைத்திருந்தால் அவன் கண்ணெதிரே உப்பைக் கரைத்து, மீட்டரை முக்கிக் காட்டி நம்ப வைத்திருக்கலாம். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. ஆனால் நோயாளி சொல்வதை மறுத்துப் பேச வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டாக்டர்.